மூன்றாவது பெட்டி

ரப்பர்க் கிட்டங்கியில் கணக்கெழுதுகிறவன் நான்.
எண்ணத் தெரியும் என்பதற்காக
துடுப்புக் கட்சி ஏஜெண்டாக
முதோன் பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்புப் பெஞ்சில்
முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

வேட்பாளரின் பெயரே
எங்கள் தெருவில் பாதி வாக்கைத் தின்றுவிட்டது.
மோன்காரர்கள் ஐயா என்று மரியாதையாய் முன்னால் வைக்கும் சொல்
நம் காதில் நாய்.
'நாய்க்கா போடச் சொல்றே?' என்றான் வீரண்ணன்
(பர்மிய அட்டையில் கோ டின் வின்).
தமிழ்ச் சுவரொட்டியில் நான் துணைக்காலை வெட்டினேன்:
நை ஸோ ரொத்.
நொண்டி நாய் என்றார்கள்.

அடுப்புக்கு மூன்று கல், என்று மைக்கில் சொல்லிப் பார்த்தேன்,
குடை ஒரு கல், மணி ஒரு கல்,
ரெண்டு கல்லில் எந்தச் சட்டி நிற்கும்?
'எங்க வீட்ல கரண்ட் அடுப்பு' என்றாள் செங்கமலம்.
கரண்ட் வருதா?
'அதைக் கேக்கத்தான் வந்தேன்.'

வாக்குநாளில் ஒவ்வொரு கைக்கும் மூன்று சீட்டு.
முதல் இரண்டும் தலைநகருக்குப் போகிறவை,
அவற்றில் குடைக்கும் மணிக்கும்தான் மல்லுக்கட்டு.
மூன்றாவது, மாநில மன்றத்துக்கு.
அந்தப் பெட்டியை
காலாடும் ஒரு மேசையில் மூலையில் வைத்திருந்தார்கள்.
எங்கள் சாக்கடை, ஆற்றுப்பாலம்,
மோன் பிள்ளைகளின் பாடப்புத்தகம்
எல்லாம் அதற்குள் விழவேண்டியவை.
கை அசந்த பிறகு
கடைசியாய்ப் போடுகிற சீட்டு.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
கரும்பலகையில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அழிக்க
தலைமை வாத்தியாருக்கு மனம் வரவில்லை.
அதன் பக்கத்திலேயே நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு,
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
முதல் இரண்டு பெட்டியில்
துடுப்பின் வரிசை கொசுறு மாதிரிக் கிடந்தது.
மூன்றாவதில் நீண்டது.
மணியைத் தொட்டது. தாண்டியது.
குடைக்காரன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.
கரண்ட் போனது. யாரோ கைபேசியைப் பிடித்தார்கள்.

குடை முந்நூற்றுப் பதினொன்று.
துடுப்பு முந்நூற்றுப் பத்து.
மீதி ஒரு சீட்டு.

முத்திரை கோட்டின் மேல் விழுந்திருந்தது,
பாதி மணிக்கு, பாதி துடுப்புக்கு.
அவசரத்தில் வழுக்கியதில்லை,
அழுத்திக் குத்தியது. மை மறுபக்கம் தெரிந்தது.
மணிக்காரன் தனதென்றான். நான் எனதென்றேன்.
குடைக்காரன் சிரித்துக்கொண்டே செல்லாது என்றான்.
வாத்தியார் ஒரு பிள்ளையின் அளவுகோலை எடுத்து அளந்தார்,
மூக்கை உரசுகிற தூரத்தில்,
அரை மில்லிமீட்டரும் சாயவில்லை.
தனி உறையில் போட்டு ஒட்டி
நாலு பேரும் கையெழுத்திட்டோம்.

மலைப்பக்கத்து ஊர்களெல்லாம் துடுப்பை வலித்திருந்தன.
நை ஸோ ரொத் ஜெயித்தார்.
மாநில மன்றத்தில் யாருக்கும் பாதி தேறவில்லை,
துடுப்புக்கு மூன்றே மூன்று இருக்கை.
மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில்
குடைக்காரர்களின் காரும் மணிக்காரர்களின் காரும்
ஒன்றையொன்று வெளியே விடாமல் நின்றன.
வீரண்ணன் ஓடிவந்து கேட்கிறான்:
'நம்ம ஐயா எந்தப் பக்கம் சாய்வார்?'
தெரியாது.
மூன்றாவது கல்லுக்கும் சட்டியில் என்ன கொதிக்கிறதென்று
யாரும் சொல்வதில்லை.

ஆனால் எண்ணி முடித்த அந்த இரவு,
எலுமிச்சைத் தோலால் விரல்மையைத் தேய்த்தபடி
என் மனைவி மரகதவல்லி சொன்னாள்:
'மணிக்காரங்க என் தம்பிக்கு வேலை தரேன்னாங்க.
நீங்க துடுப்பு.
யாருக்கும் துரோகம் வேணாம்னு
நடுவுல பாத்து, நல்லா அழுத்தி...'

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
அரக்கு வைத்த உறைக்குள் அவள் வாக்கு,
மேலே
சாட்சியாய் என் கையெழுத்து.