ஆட்டம்

பீல் நகரில், எங்கள் குடியிருப்பின் அடியில்
போர் வந்தால் ஒளியவென்று கட்டிய பங்கர்.
போர் இங்கே வரவில்லை.
நான்தான் வந்தேன்,
நாற்பது கிலோ லேத்தோடு.

வாங்கிய அன்றே தெரிந்தது:
கைச்சக்கரத்தைத் திருப்பினால் கால் சுற்று
வெறும் காற்றில் போகிறது,
பிறகே வெட்டுளி அசைகிறது.
கடைந்த பித்தளை முழுக்க மீன்செதில்.
நூறு மில்லிமீட்டர் கம்பிக்கு
முனைக்கு முனை
நூறில் நாலு வித்தியாசம்.

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்,
தர்மினி சிரித்தாள்.
இரவு முழுக்க மட்டம் வைத்துப் பார்த்தேன்.
மேடை கோணல்தான்.

வலது முன்காலுக்குக் கீழே
கோலா டின்னில் வெட்டிய தகடு ஒன்று,
பிறகு இன்னொன்று, பிறகு அதில் பாதி.
சறுக்கியின் வளைந்த இரும்புப் பட்டையை எறிந்து
பித்தளையில் புதிது அறுத்தேன்.
அதை இறுக்கும் திருகுகளைக் கடைய
இந்தக் கோணல் லேத்தை விட்டால் வேறு லேத் ஏது?
தன் பல்லைத் தானே பிடுங்கும் வைத்தியன் மாதிரி
முனகி முனகிக் கடைந்தது.

ஞாயிறன்று சத்தம் கூடாது, வீட்டு விதி.
ஞாயிறுகளில் நீல மை தடவி,
மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டினேன்,
நகம் கடிப்பதைவிட மெதுவாக.

புதன் மாலை மதாம் ஜுனோ இறங்கி வந்தார்,
இடுப்பில் துணிக்கூடை.
"உங்கள் மெஷின் ஓடும்போது
என் கரண்டிகள் பேசுகின்றன."
என்ன பேசுகின்றன என்று கேட்க
என் பிரெஞ்சு போதவில்லை.

சலவையறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.
ஆயிரத்து நானூறு சுற்றில் பிழிகிற மெஷின்
இருந்த இடத்தில் இருந்தது.
குனிந்தேன். நான்கு கால்களுக்கும் அடியில்
ஐஸ் ஹாக்கி வட்டுகள், கறுப்பு ரப்பர்,
மேலே யாரோ கிறுக்கிய கையெழுத்து.
"நம்மவர்கள் தோற்ற ஆட்டங்களில் பிடித்தவை.
இன்னும் இருபத்தொன்று இருக்கிறது."

மேசைக் கால்களுக்கு நான்கு கொடுத்தார்.
அதனால் மட்டம் மறுபடி முதலிலிருந்து,
டின் தகடுகள் எல்லாம் குப்பைக்கு.
வியாழன் போனது, வெள்ளி போனது.
சனி இரவு முள் நூறில் ஒன்றுக்கு வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இன்று ஞாயிறு.
பெல்ட்டைக் கழற்றிவிட்டு
சக்கைக் கையால் சுற்றுகிறேன்.
அலுமினியம் அறுபடாமல் சுருள்கிறது,
முழங்கை நீளம், இன்னும் கொஞ்சம்.

காற்றுக் குழாய் வழியே
மேலே ஒரு கரண்டி விழுகிற சத்தம்.

அது நானில்லை, மதாம்.