மூன்றாவது அறை

மறுநாள்தான் ஊருக்குத் திறப்பு.
அன்று சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்.
பெர்கனில் மழை கேட்கவா வேண்டும்,
ஆறு மணிக்கே வாசலில் குடைகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தன.
கோட்டு வாங்கி மாட்டும் பையனிடம்
எண் வில்லைகள் தீர்ந்துவிட்டன.

நான் விளக்குக்காரன்.
ஏணியை ஒளித்துவைத்துவிட்டுத் தூணோரம் நின்றேன்,
கையில் யாரும் தராத, நானே எடுத்துக்கொண்ட ஒயின்.

மூன்றாவது அறைக்கு ஒரு படம் வரவில்லை.
ஹிர்ட்ஸ்ஹால்ஸில் புயல்; கப்பல் அங்கேயே.
கொக்கி அடித்தாயிற்று. பெயர்ப்பலகை ஒட்டியாயிற்று.
காகிதத்தில் இருந்த அளவை நம்பி
வெளிச்சத்தையும் வெட்டிவைத்திருந்தேன்:
வெள்ளைச் சுவரில் ஒரு மஞ்சள் செவ்வகம்.
"அணைத்துவிடவா?" என்றேன் மதியம்.
தொலைபேசியில் சுங்கத்துறையோடு சண்டையிலிருந்த சுன்னிவா
கையை அசைத்தாள்.
அணை என்றா, விடு என்றா, தெரியவில்லை.
விட்டேன்.

உரை முடிந்து கூட்டம் கலைந்தது.
முதல் அறையின் பனிமலைகளை
நடந்தவாக்கில் பார்த்தார்கள்.
இரண்டாவதில், ஆட்டு மயிரில் நெய்த பெரிய திரையைத்
தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததால்
தொட்டுப் பார்த்தார்கள்.
மூன்றாவதில் நின்றுவிட்டார்கள்.

பல் மருத்துவர் ஓட்வார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பலகையைச் சத்தமாகப் படித்தார்:
மீன் கழுவும் பெண். மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணம்.
ஆண்டு தெரியவில்லை.

முதுகைக் காட்டி நிற்பாள் என்றார் ஒருவர்.
இல்லை, உட்கார்ந்திருப்பாள்,
இந்தக் குளிரில் யார் நின்று கழுவுவது?
கை சிவந்திருக்கும்.
பக்கத்தில் வாளி இருக்கும்.
ஒரு வாளி போதாது என்றாள் தூரிட்,
இருபது வருஷம் மீன் ஆலையில் நின்றவள்.
கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு
வெளிச்சத்துக்குள் கையை நீட்டிக் காட்டினாள்,
கத்தி எங்கே நுழையும்,
எங்கே திரும்பும் என்று.
கையின் நிழல் சுவரில் மீனளவு விழுந்து
இரண்டு முறை துள்ளியது.
காவலாளி ஒரு அடி முன்னால் வந்தான்,
எதைத் தொடாதே என்று சொல்வது,
திரும்பிப் போனான்.

வியாழக்கிழமை படம் வந்தது.
இரண்டு உள்ளங்கை அகலம்தான்.
காகிதத்தில் இருந்தது பெட்டியின் அளவாம்.
பெண் ஒரு மூலையில்,
மிச்சமெல்லாம் மழை.

ஏணியை எடுத்துவந்து
வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.
மூன்று பக்கமும் சட்டத்தின் விளிம்போடு நின்றது.
இடப்பக்கம் மட்டும்
ஒரு கை நுழையும் அளவு
விட்டுவைத்திருக்கிறேன்.
சுன்னிவா கேட்டால்
விளக்கில் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம்.