மிச்சத்தை மேய்த்தல்

முதலில் காட்டிக் கொடுத்தது பனி.
விடியுமுன் கெர் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.
மஞ்சளாய் ஒரு குழி விழுந்தது, வழக்கம்போல.
அதன் மேல் நுரை.
பால் கறந்த வாளியில் நிற்குமே, அப்படி.
மந்தையைக் கிளப்பிவிட்டுத் திரும்பியபோதும்
அடங்காமல், உறைந்து நின்றது.
நாய் மோந்துவிட்டு என்னைப் பார்த்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
இதையெல்லாமா சொல்வார்கள்?

பூட்ஸ் சொல்லிவிட்டது.
மாலையில் ஒடோன்சிமெக் இழுக்க இழுக்கக் கழலவில்லை.
கணுக்காலில் அவள் கட்டைவிரல் பதித்த பள்ளம்
தேநீர் ஊற்றி முடிக்கும்வரை மேலெழவில்லை.
"பிசைந்த மாவு மாதிரி இருக்கிறாய்" என்றாள்.
வலி இல்லை. அதுதான் ஏமாற்றியது.
ஊளையிட்டுவிட்டுத்தான் ஓநாய் வரும் என்று
யார் சொன்னது?

டாக்டர் நரங்கெரெல் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.
நூற்றெண்பத்திரண்டு, கீழே நூற்றுப்பத்து.
கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி அடித்தாள்.
எண் இறங்கவில்லை.
சிறுநீரில் ஒரு குச்சியைத் தோய்த்தாள்,
மஞ்சள் முனை பச்சையாயிற்று.
கோபியில் பச்சை என்றால் நல்ல செய்தி.
அவள் முகத்தில் அப்படி இல்லை.

"சிறுநீரகம்" என்றாள்.
"குண்டிக்காயா?" என்றேன்.
நாற்பது வருஷமாய் ஆட்டுக்குள் கைவிட்டு,
கொழுப்புக்குள் சூடாய்ப் பதுங்கியிருக்கும் இரண்டையும்
பார்க்காமலே எடுக்கிறவன்.
எனக்குள்ளும் இரண்டு இருப்பதை
ஒருநாளும் நினைத்ததில்லை.

இருநூறு கிலோமீட்டர், மாகாண ஆஸ்பத்திரி, ரத்தம்.
நூற்றுக்கு முப்பத்தெட்டுத்தான் வேலை செய்கிறதாம்.
"அழுத்தம் அதைத் தின்கிறது.
அது கெடக்கெட அழுத்தம் ஏறுகிறது.
எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை."
"போனது திரும்புமா?"
"திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்."

இது எனக்குப் புரியும்.
போன வருஷத்துப் பெரும்பனியில்
முன்னூற்றுப் பத்து உருப்படி, நின்ற வாக்கிலேயே விறைத்தன.
மிச்சம் நூற்றுத் தொண்ணூறு.
அழுதுகொண்டு உட்கார்ந்தால் அதுவும் போகும்.
போனதை விடு. மிச்சத்தை மேய்.

முழங்காலுக்கு நான் விழுங்கிவந்த சிவப்பு மாத்திரையை
டப்பாவோடு பிடுங்கிக்கொண்டாள்.
மந்தைக்குள் நானே கட்டிவைத்த ஓநாயாம்.
பதிலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை, தினம் காலையில்.
"நன்றாக இருக்கும் நாளிலும்" என்று
இரண்டு முறை அடிக்கோடு.

மாத்திரை எளிது. உப்பு விடவில்லை.
பக்கத்துக் கெர் பாசந்தோர்ஜ் வந்தார்,
எங்கள் தேநீரை ஒரு மிடறு குடித்தார்,
கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.
"யார் செத்தது இந்த வீட்டில்?"
உப்பில்லாத் தேநீரைக் குப்பைகூட வாங்காது என்றார்.
இப்போதெல்லாம் மூக்குப்பொடி டப்பியோடு
இன்னொரு டப்பியும் இடுப்பில் வைத்திருக்கிறார்.
தன் கிண்ணத்தில் மட்டும் தூவிக்கொள்கிறார்,
எனக்கு முதுகைக் காட்டி. நல்ல மனுஷன்.
நான் வெளியே போய்,
ஆடுகள் உப்புக்கட்டி நக்குவதைப் பார்த்து நிற்கிறேன்.
இவ்வளவு பொறாமை
குதிரைப் பந்தயத்தில்கூட வந்ததில்லை.

அழுத்தம் பார்க்கும் கருவி கொடுத்தார்கள்.
மைனஸ் முப்பத்தாறில் அதன் உயிர் போய்விடும்.
அங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறேன்.
ஒரு ராத்திரி, ஈரம் காயாத குட்டி ஒன்றும் கூட இருந்தது.
குட்டி உதைத்ததில் பொத்தான் அமுங்கி
கருவி இருட்டில் உறுமத் தொடங்கியது.
மூன்று பேரும் பயந்துபோனோம்.

ஆடு எண்ணும் நோட்டில்தான் அதையும் எழுதுகிறேன்.
நூற்றெண்பத்து நாலு. நூற்று அறுபத்து மூன்று.
சகான் சார் விருந்துக்கு மறுநாள்
நூற்றெழுபத்தெட்டு. மறைக்காமல் எழுதினேன்.
பிறகு நூற்று நாற்பத்தாறு,
நூற்று முப்பத்தெட்டு.
நுரை இன்னும் வருகிறது,
கொஞ்சம் சீக்கிரம் அடங்குகிறது.

நேற்று விளக்கடியில் நோட்டைப் புரட்டிய ஒடோன்சிமெக்
"இதில் எது ஆடு, எது நீ?" என்று கேட்டாள்.
வாங்கிப் பார்த்தேன்.
கொஞ்சநேரம் எனக்கும் தெரியவில்லை.