பார்

எங்களுக்குப் பார் என்றால் கல்.
கீழக்கரையிலிருந்து முக்கால் மணி நேரம்.
பள்ளிவாசல் மினாராவும் உப்பளத்து ஒற்றைப் பனையும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற இடத்தில்
கல்லில் படாமல் மணலில் நங்கூரம் இறக்கினால்
அதுதான் நண்டுக்கால் பார்.

சொக்கலிங்கத்துக்குப் பார் என்றால் காற்றின் கணக்கு.
"இருநூறு பார்" என்று மீட்டரைத் தட்டி
என்னிடமே காட்டினார்,
விடியற்காலையில் அடைத்தது நான்தான் என்று தெரியாமல்.

அந்தமானில் முங்கியிருக்கிறார், மாலத்தீவில் முங்கியிருக்கிறார்.
கரையை விட்டதிலிருந்து அதுதான் பேச்சு.
அவர் மனைவி
காலையில் தின்ற இரண்டு இட்லியையும்
சுக்கான் பக்கமாகக் கடலுக்குக் கொடுத்துவிட்டு
"மன்னிச்சுக்கங்க" என்றார்.
கடலிடமா, என்னிடமா, தெரியவில்லை.
அழகம்மை என்று பதிவேட்டில் இருந்தது.

நான்கு பேரும் முதுகுப்புறமாக விழுந்தார்கள்.
அதன்பின் என் வேலை குமிழி பார்ப்பது.

எனக்கு வலது காது ஓட்டை.
பதினோரு வருடமாக
இந்தப் பாரின் முகட்டை மட்டும் தெரியும்,
சொரசொரப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
குளிக்கிற ஆள் மாதிரி, பழுப்பாக.
ஆனால் குமிழி தெரியும்.

கூட்டிப்போகிற ஜெபஸ்டினுக்கு
உலை கொதிக்குமுன் பானையடியில் விடுகிற முட்டை,
ஒன்று, பொறுத்து இன்னொன்று.
மதுரைப் பையன் கார்வண்ணனுக்குக் கோலி சோடா.
புதுசு, பயம். அவன்மேல்தான் என் கண்.
சொக்கலிங்கத்துடையது கேமராவைத் தூக்கிக்கொண்டு
மீனுக்கு மீன் ஓடியது.
நாலாவது அத்தனை சீராக வந்தது,
ஆமை ஏதும் கீழே இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

இருபது நிமிடம்.
கச்சான் ஒரு கை எழும்பித் தண்ணீர் சுருங்கியது.
எண்ணினேன். மூன்று.
பலகைமேல் ஏறி நின்று எண்ணினேன். மூன்று.

ஏணிக் கம்பியில் ஸ்பேனரால் மூன்று அடி அடித்தால்
எல்லோரும் மேலே வரவேண்டும்.
அடித்தால் கார்வண்ணன் பதறி
அம்பு மாதிரி மேலே வருவான், நுரையீரல் என்னாகும்.
அடிக்காவிட்டால்.
ஸ்பேனர் கையிலேயே சுட்டது.
நீவாடு வேறு நங்கூரக் கயிற்றை இழுத்து
முனகவிட்டுக்கொண்டிருந்தது.

பிறகுதான் கண்டேன்.
மூன்றில் ஒன்று இரட்டைத் தடிப்பு.
அந்தச் சீரான மூச்சும்,
அதன் இடைவெளியில் புகுந்து புகுந்து
அவசரமாய் இன்னொன்றும்.

மேலே வந்தபோது
சொக்கலிங்கத்தின் வாயில் இருந்தது
அழகம்மையின் மஞ்சள் குழாய்.
அவர் கைப்பட்டியை அவர் விடவில்லை,
ஏணியில் கால் வைக்கும்வரை.
யார் யாருடையதை என்று கேட்காதீர்கள்,
எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"மீட்டர் சரியில்லப்பா" என்றார்.
ஜெபஸ்டின் ஒன்றும் சொல்லாமல்
வெயிட் பெல்ட்டைக் கழற்றிப் போட்டாள்.

அழகம்மை தண்ணீர் கேட்டு வாய் கொப்பளித்தார்.
"கல்லுக்கடியில ஒரு களவா.
எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு."
"எவ்வளவு நேரம்?"
யோசித்துவிட்டுச் சொன்னார்:
"ஒரு அறுபது பார் நேரம்."

திரும்புகையில் அலை பக்கவாட்டில் அடித்தது.
மறுபடி அவருக்கு வாந்தி.
இந்தமுறை சொக்கலிங்கம் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார்,
மாலத்தீவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.

சாயங்காலம் அவர் மீட்டரைக் கழுவி
புது சிலிண்டரில் மாட்டிப் பார்த்தேன்.
முள் நடுங்காமல் இருநூறில் போய் நின்றது.

பதிவேட்டில் 'மீட்டர் பழுது' என்று
எழுதச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
எழுதினேன்.