ஒரு சாண்

இருக்கையைக் கழற்றியதுதான் முதல் வேலை.
இனி அதில் யாரும் உட்காரப் போவதில்லை.
பட்டறை வாசலில் கிடக்கிறது;
கடன் கேட்டு வருகிறவர்கள்
அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள்.

சீனத்து டிராக்டர், பதினாறு வருடம் சேறு தின்றது.
மோலமைனில் உடைத்த கப்பலின் சங்கிலியை
எடைக்கு வாங்கி வந்தேன்.
லாரிப் பட்டைகளை மூன்றடுக்காய் முகத்தில் வைத்து
வெல்டிங் அடித்தேன்.
திருப்புவதற்கு முதலில் இரண்டு கயிறு.
கயிறு எட்டாதென்று
பொம்மைக் காரின் ரிமோட்டைப் பிரித்தேன்.
மகன் இரண்டு நாள் பேசவில்லை.

அடிப்பது அடி. அடியில் கிடப்பதும் அடி.
எடுத்து வைப்பது அடி,
எடுத்து வைத்தவன் இழந்ததும் அடி.
பீலினில் யாரிடம் சொல்ல?
பர்மியப் பேச்சில் அது நாலாகச் சிதறிவிடுகிறது.

மழைக்கு ஒரு மாதம் இருக்கையில்
நோ செ வாவின் நிலத்தில் இறக்கினோம்.
ஆளுயரம் நாணல்.
மண்மூட்டைக்குப் பின்னால் நான்,
ரிமோட் வியர்வையில் வழுக்க.
அரைமணி நேரம் புழுதி மட்டும்.
டீசலுக்குக் கேடு என்றான் சோ தூ.
சொல்லி வாய் மூடவில்லை,
மண் எழுந்து நின்றது.
சத்தம் அப்புறம்தான் வந்தது.
மூன்று கண்ணி அறுந்து
முந்திரி மரத்தில் போய்த் தொங்கின.
டிராக்டர் ஒரு தும்மல் தும்மிவிட்டு
நகர்ந்தது.

அன்று நாலு. மறுநாள் ஒன்று.
பின்னாலேயே கருவியும் குச்சியுமாய்ப்
பிள்ளைகள் முழந்தாளிட்டுப் போனார்கள்.

செருப்பு ஒன்றும் வந்தது.
இடது கால். வார் அறவில்லை.
அவள் பார்த்தாள், எடுக்கவில்லை.
என்னிடம் வந்து கேட்டாள்:
"உன் மிஷின் எவ்வளவு ஆழம் அடிக்கும்?"

பெருவிரலையும் சுண்டுவிரலையும்
விரித்துக் காட்டினேன்.
எண்சாண் உடம்புக்கு
என்னால் முடிந்தது அவ்வளவு.

தன் கையை விரித்து
என் கைமேல் வைத்துப் பார்த்தாள்.
அவளுடையது விரற்கடை குறைந்தது.

"அவர் போட்டது மரவள்ளி.
அது முழங்கை ஆழம் போகும்."

நிலத்தையே பார்த்தபடி நின்றாள்.

"என் சாணையே வைத்துக்கொள்கிறேன்.
கடலை போடுகிறேன்."

வீட்டில் கேட்டேன்,
கடலை எவ்வளவு ஆழத்தில் காய்க்கும்?
"நாலு விரல்" என்றாள் மனைவி,
உலையில் அரிசியைக் கொட்டிக்கொண்டே.

மிச்சத்தை
விரலால் எண்ணியபடியே
தூங்கிப்போனேன்.