கேற் பூட்டு

றிஸ்வி நானாவின் கடை டிவியில்
யாரோ ஒரு கோடீஸ்வரன் நிலாவுக்குப் போக
இருக்கை வாங்கியிருக்கிறானாம்.
பிளேன்டீக்குள் பனிஸை முக்கியபடி
பந்துல, அவனுடைய தமிழில், கேட்டான்:
"சும்மா கூட்டிப் போனா நீ போறதா, மரியான்?"

காலை ஒன்பதே கால்.
ஜம்பட்டா வீதியில் இன்னும்
நாற்பத்திரண்டு மீற்றர் பார்க்க இருந்தது.

பந்துலவுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தால் சரி.
நானாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்:
"அங்க தொழ நின்டா எந்தப் பக்கம் பாக்கிற?"
லொத்தர் விற்கும் சுனேத்ரா அக்கா
கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.
மாதம் ஒருமுறை அதற்காக நாடே லீவு எடுக்கிறது,
இறைச்சிக்கடையைப் பூட்டி, தவறணையைப் பூட்டி.
மரியாதை போதாதென்று
வீட்டுக்கு வேறு போக வேண்டுமா?

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டு வருசமாய்க் குனிந்தே பார்ப்பவன் நான்.
இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பி,
கரப்பான்கள் ஓடும்வரை பொறுத்து,
மங்கிய கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்து
எண்ணை வாசிப்பவன்.
யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது,
யார் மகன் கத்தாருக்குப் போய்விட்டான்,
எந்த வீட்டில் புருசனும் பெண்சாதியும்
பேச்சை விட்டுத் தனித்தனியே துணி துவைக்கிறார்கள்,
அலகுகள் எனக்குச் சொல்லும்.

அங்கேயும் கடல்கள் உண்டாம்.
எட்டாம் வகுப்பில் விஞ்ஞான டீச்சர் சொன்னது.
பேர் கடல், வாசிப்பு பூச்சியம்.
எங்கள் சபையில் அப்படி ஒரு வீடு அகப்பட்டால்
'மீற்றர் பழுது' என்று எழுதி
ஆள் அனுப்புவோம்.

இரவு ஜெசிந்தாவிடம் கேட்டேன்.
சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.
"பாஸ்போர்ட் இருக்கா?"
இல்லை.
"அப்ப என்ன கேள்வி. பத்தரமுல்ல வரிசையில நிக்கவே
உங்களுக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."
பிறகு குழாயை மூடினாள்.
"நானெண்டா போவன்,"
உப்புக் கேட்பது போல்தான் சொன்னாள்.
"ஒரு தரம். ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடாத இடம்."

நித்திரை வரவில்லை.
மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்து நின்றேன்.
துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே நிலா.
போயாவுக்கு மூன்று நாள் இருக்கிற நிலா,
ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கி,
பஸ்ஸில் கொண்டுவந்த பாண் மாதிரி.

ராக்கெட்டில் எனக்குப் பயம் இல்லை.
எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு:
ஆள் இல்லாவிட்டால், அல்லது நாய் விடாவிட்டால்,
'கேற் பூட்டு' என்று குறித்துக்கொண்டு
போன மூன்று மாதத்தைக் கூட்டிப் பிரித்து
சராசரி போட்டுவிட்டு நடப்போம்.
ஒருவரும் வித்தியாசம் கேட்டதில்லை.
நான் போனாலும் அப்படித்தான் ஓடும்.
புதுப் பையன் ஒருவன் என் கம்பியோடு வருவான்.
பில்கள் நேரத்துக்குப் போகும்.
நானா, என் பிளேன்டீயை
அவன் முன்னால் வைப்பார்.

சரி, நான் சராசரி. அது தெரிந்ததுதான்.

ஜெசிந்தா போனால்?
அவள் இடத்தில் எந்த எண்ணை எழுதுவேன்?
இருபத்திரண்டு வருசம்.
ஊரெல்லாம் மூடி நெம்பியவன்
இந்த ஒரு வாசலில் குனிந்ததே இல்லை.
நாயும் இல்லை, பூட்டும் இல்லை,
சராசரியே போட்டு வந்திருக்கிறேன்.

கீழே இறங்கினேன்.
அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்,
கண் திறந்தபடி.

"நிசமாவே போவியா?" என்றேன்.

"எங்க?" என்றாள்.