மாவில் மூன்று குழி

மூன்று வாரமாக ஒழுகியதாம்.
எனக்கும் நர்கிஸாவுக்கும் தெரியாது.
எங்கள் வீட்டில் காது கேட்பவள் ஒருத்திதான்,
அவளுக்கு ஏழு வயது.

படுக்கையிலிருந்து எழுந்து வந்து
தெக்லே கைகளால் சொன்னாள்:
சமையலறை பேசிக்கொண்டே இருக்கிறது,
தூக்கம் வரவில்லை.

எப்படிப் பேசுகிறது, கேட்டேன்.
யோசித்தாள்.
என் முழங்கையில் ஆள்காட்டி விரலால் ஒரு குத்து.
காத்திருந்தாள்.
இன்னொரு குத்து.
குழாய் வாயில் ஒரு துளி
கனத்து, நீண்டு, விடுபட்டதும்
அவள் விரல் இறங்கியதும் ஒரே நொடி.
முப்பத்தெட்டு வயதில்
முதல் முறையாக
ஒரு குழாய் ஒழுகுவதைக் கேட்டேன்.

குதாயிசியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.
நவம்பர் வந்தால் வானமே
யாரும் மூடாத குழாய்தான்.
ஆனால் சொட்டியது சுடுதண்ணீர்,
சிவப்புப் பொட்டு வைத்த பக்கம்.
அந்த மாத கேஸ் பில்லில்
நர்கிஸா என்னைச் சந்தேகித்த தொகைக்கு
இப்போது கணக்குக் கிடைத்தது.

தொட்டிக்கு அடியிலிருந்த வால்வு
துருவோடு ஒன்றாகிவிட்டிருந்தது.
கீழே இறங்கிப் போய்
நாலு மாடிக்கும் சேர்த்து அடைத்தேன்.
திரும்பி வந்து குழாயின் கழுத்தைப் பிடித்தால்
உள்ளங்கையில் இரும்பு அதிர்கிறது.
மேல்வீட்டு சியாலா.
ராத்திரி பதினோரு மணிக்குத் தலைக்குக் குளிப்பவள்.
தலை நிறைய நுரையோடு
கரண்டியால் பைப்பை அடிக்கிறாள்.
வசவு கைக்கும் புரியும்,
அதற்குக் காது எதற்கு.

பொட்டைக் கத்தி முனையால் நெம்பி,
ஸ்க்ரூவைக் கழற்றி,
நட்டுக்குத் துணி சுற்றி ஸ்பானரைப் போட்டேன்.
வழுக்கியது.
விரல் மூட்டில் தோல் போனது.
மறுபடி.
கடைசியில் தண்டு வெளியே வந்தது,
அதன் நுனியில் ஒரு கறுப்பு வாஷர்,
நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து,
வருஷக்கணக்காக ஒரே வாயை
அழுத்தி மூடிக் களைத்தது.

உள்ளே விரலை விட்டுச் சுற்றினேன்.
பித்தளை விளிம்பில் ஓர் இடத்தில் நகம் சிக்கியது.
உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி
அது சிக்காதவரை தேய்த்தேன்.
டப்பாவில் மூன்று வாஷர்.
இரண்டு பெரியவை.
மூன்றாவது, என் ராசிக்குச் சற்றும் பொருந்தாமல்,
பொருந்தியது.
வாய் வலையில் மணலும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன,
அதை வினிகரில் போட்டுவிட்டு
கீழே ஓடித் தண்ணீரைத் திறந்தேன்.

தெக்லே ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.
விரல் என் முழங்கையில்.
ஒரு குத்து.
இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.
நெடுநேரம் கழித்து, மெதுவாக, ஒன்று.
அப்புறம் ஒன்றுமில்லை.
நின்றுவிட்டது!
நர்கிஸாவை எழுப்பத் திரும்பினால்
பிள்ளை வாய் பிளந்து தூங்குகிறாள்.

நின்றது எது,
துளியா, விரலா?

அவளைத் தூக்கிப் படுக்கவைத்தேன்.
ரொட்டி அடுப்பில் வேலை செய்பவன் வீட்டில்
எது இல்லாவிட்டாலும் மாவு இருக்கும்.
தொட்டியைத் துடைத்து
ஒரு கைப்பிடி மாவைச் சலித்துப் பரப்பினேன்,
மேலே மூடிய குழாய்,
கீழே யாரும் மிதிக்காத பனி.
எவ்வளவு முறைத்தாலும் அசையவில்லை.
விளக்கை அணைத்தேன்.

ஐந்து மணிக்கு அடுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தேன்.
மாவில் மூன்று குழி.
விளிம்பு காய்ந்து, பட்டன் அளவில்.
ஓர் இரவுக்கு மூன்று!
மிச்சம் இருந்த தண்ணீரோ,
வாஷர் இன்னும் படியவில்லையோ,
சாயந்தரம் பார்க்கலாம்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அவள் கட்டிலருகே போனேன்.
தூக்கத்தில் அவள் கேட்காமல் விட்டதை
அவள் முழங்கையில் சொன்னேன்:
ஒன்று.
ஒன்று.
ஒன்று.
கையை இழுத்துப்
போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.